சின்னப் படகே போதும் என்றவன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பிரேமா இன்னும் சேலைகூட மாற்றவில்லை, புருஷனின் அண்ணன் தஸ்நேவிஸ் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. இரண்டு பேரும் உடனே வர வேண்டுமாம். போனார்கள். பெரியவர் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஞானபாய் காப்பியும் ஒரு தட்டில் மக்ரூனும் கொண்டுவந்து வைத்தாள். மக்ரூனைப் பார்த்ததுமே பிரேமாவுக்கு என்னவோ போலிருந்தது. அந்த வீட்டில் விசேஷம் இல்லாமல் கடைப் பலகாரம் தட்டுக்கு வராது.

"படகை இனிமே பிரிச்சுக்கிடுவோம்," என்றார் தஸ்நேவிஸ், சுற்றி வளைக்காமல். "பெரியது எங்கிட்ட இருக்கட்டும். சின்னத கிங்ஸ்டன் எடுத்துக்கிடட்டும். தடைக்காலம் முடியுததுக்குள்ள பேரு மாத்தி எழுதிருவோம்."

பெரியது என்றால் 'ஸ்டெல்லா'. மரத்தில் கட்டிய விசைப்படகு. மாமனார் உயிரோடு இருந்தபோது அவரும் இரண்டு மகன்களும் சேர்ந்து கட்டியது. இரண்டு குடும்பமும் பதினெட்டு வருஷமாகச் சாப்பிட்டது அதில்தான். சின்னது ஒரு ஃபைபர் வள்ளம். இரண்டு பேர் ஏறிப் போய் கரையோரமாக வலை விட்டு வரலாம். அவ்வளவுதான். அதைக் குடும்பத்தில் யாரும் ஒரு படகாகவே கணக்கில் எடுத்ததில்லை.

பிரேமா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இந்நேரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியவன் அவன். அப்பா வீட்டைப் பாகம் வைத்தபோது நடுச்சுவரை டேப் பிடித்து மூன்று தடவை அளந்தவன் கிங்ஸ்டன். பெரிய படகின் சுக்கானைத் தன் கையில் தர வேண்டும் என்று பத்து வருஷமாக அண்ணனோடு மல்லுக்கு நிற்கிறவன்.

"சரிண்ணே. சின்னதே போதும்," என்றான் கிங்ஸ்டன்.

அண்ணன் முகத்தைப் பார்த்து அவன் அதைச் சொல்லவில்லை. காப்பித் தம்ளரைப் பார்த்துச் சொன்னான்.

வீட்டுக்கு வருகிற வழியில் பிரேமா அவனை விடவில்லை. "என்னங்க இது? அவரு வாயத் தொறந்தாரு, நீங்க தலையாட்டுதீங்க. பதினெட்டு வருசம் உழைச்சதுக்கு ஒரு வள்ளமா?"

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிரேமா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அவள் பிழைப்பே சந்தேகப்படுகிற பிழைப்பு. திரேஸ்புரம் கரையில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி, வீடு வீடாக விற்கிறவள். ஏலக்காரன் 'இப்பத்தான் வந்த மீன்' என்று சத்தியமே பண்ணினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கையை நீட்ட மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. பெரியத்தான் தஸ்நேவிஸ் இவனை எதையோ காட்டி மிரட்டி வைத்திருக்கிறார். குடிபோதையில் எதிலாவது கையெழுத்து வாங்கிவிட்டாரா? இல்லை, பெரிய படகுக்கு அரசாங்கத்திலிருந்து ஏதோ வரப்போகிறது, அது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நம்மை ஏமாற்றுகிறார்கள். ஏமாறுவதற்கு இவனும் சம்மதிக்கிறான்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் வெறுங்கூடையோடு அப்படியே படகு பழுது பார்க்கிற யார்டுக்குப் போனாள். ஸ்டெல்லாவைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். படகு கட்டுகிற ஓடாவி தாணுலிங்கம் உளியோடு அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் படகைக் கட்டியதே அவர்தான். பதினெட்டு வருஷமாக இதில் ஓர் ஆணி மாற்ற வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"அண்ணாச்சி, படகு எப்படி இருக்கு?"

"படகுக்கென்ன? இன்னும் இருபது வருசம் ஓடும். அடி கல்லு மாதிரி இருக்கு." தாணுலிங்கம் உளியைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எம்மேல உங்க வீட்டு ஆளுகளுக்கு என்ன கோவம்?"

"கோவமா? யாருக்கு?"

"இங்கன வாங்க." அவர் அவளைப் படகின் முன்மூக்குக்குக் கூட்டிப்போனார். இடது பக்கம், ஆள் உயரத்தில், இரண்டு முழ நீளத்துக்குப் பலகை மாற்றியிருந்தது. மேலே அடித்திருந்த பெயிண்டும் மற்ற இடத்தைவிடப் புதிது. "இது என் வேல இல்ல. எவனோ அவசரத்துல ஒட்டிட்டுப் போயிருக்கான். பலகை மூணு நாலு மாசப் பழசுதான் இருக்கும். எனக்கு ஒரு போன் பண்ணிருந்தா வந்திருக்க மாட்டனா?"

பிரேமா கிட்டே போய்ப் பார்த்தாள். புதுப் பலகைக்குக் கீழே, பழைய மரத்தில், நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்குள் நீல நிறம் ஒட்டியிருந்தது. ஸ்டெல்லாவில் எங்கேயும் நீலம் கிடையாது. பச்சையும் வெள்ளையும்தான்.

"எதுலயோ இடிச்சிருக்கு," என்றாள்.

"இடிச்சிருக்கு," என்றார் தாணுலிங்கம். "பலமாத்தான் இடிச்சிருக்கு."

வருகிற வழியெல்லாம் அவளுக்கு இது ஒன்று பிடிபடவில்லை. படகில் ஒரு கோளாறு இருந்து, அதை மறைத்து நம் தலையில் கட்டுகிறார் என்றால் அர்த்தம் உண்டு. ஆனால் பெரியத்தான் கோளாறு பட்ட படகைத் தானே வைத்துக்கொள்கிறாரே. பிறகு எதற்குத் தெரிந்த ஓடாவியை விட்டுவிட்டுத் திருட்டுத்தனமாகப் பழுது பார்க்க வேண்டும்?

சாயங்காலம் கிங்ஸ்டனிடம் கேட்டாள், பேச்சோடு பேச்சாக. "ஸ்டெல்லா முன்பக்கம் பலகை மாத்திருக்கே. எப்ப?"

அவன் கையிலிருந்த சோற்றுருண்டை வாய்க்குப் போகவில்லை. "நீ எதுக்கு அங்கன போன?"

"நம்ம படகுதான. பாக்கக் கூடாதா?"

"ஏதோ கட்டை மிதந்து வந்து இடிச்சுது. கடல்ல அதெல்லாம் சகசம்." தட்டில் பாதியை வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

இன்னொன்றையும் அவள் அப்போதுதான் யோசித்தாள். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். வள்ளத்துக்கு இல்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த இரண்டு மாசம் கிங்ஸ்டன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போவான். இந்த வருஷம் ஒரு நாள்கூடப் போகவில்லை. இடுப்பு வலி என்றான். அதே இடுப்போடுதான் காலையில் தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து நல்ல ஊளி மீன் கிடைத்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஞானபாயைப் பார்க்கப் போனாள். ஞானபாய்க்கு வாயில் எதுவும் நிற்காது. அதற்காகத்தான் போனதும். ஆனால் படகுப் பேச்சை எடுத்ததும் ஞானபாயே முகத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவுக முன்ன மாதிரி இல்ல. வியாழக்கிழமை ஆனா போதும், வெள்ளை வேட்டிய உடுத்திக்கிட்டுக் காலைலயே கெளம்பிருதாக. எங்க போறீகன்னு கேட்டா, கோயில் காரியம்ங்காக. சாமியார்ட்ட கேட்டேன். வியாழக்கிழமை கோயில்ல ஒரு காரியமும் இல்லைன்னுட்டாரு. ஏளா, இந்த வயசுல அவுகளுக்கு வேற ஏதும்..." மேலே சொல்லாமல் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"சேச்சே, அப்படியெல்லாம் இருக்காதுக்கா," என்றாள் பிரேமா. ஆனால் அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. வக்கீல். இல்லையென்றால் பத்திர ஆபீஸ். நம் பங்கையும் சேர்த்து எழுதிக்கொள்ளத்தான் வியாழக்கிழமை தோறும் நடக்கிறார்.

அந்த வியாழக்கிழமை அவள் ஏலத்துக்குப் போகவில்லை. பெரியத்தான் வீட்டுத் தெருமுனைப் பால் கடையில் நின்றாள். எட்டு மணிக்கு அவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு தூக்குச்சட்டி. வக்கீல் வீட்டுக்கு யாராவது தூக்குச்சட்டி கொண்டுபோவார்களா? அவர் டவுன் பஸ்ஸில் முன்வாசலில் ஏற, இவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசலில் ஏறினாள். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் அங்கே யாருக்காகவோ காத்து நின்றார். பழையகாயல் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண், ஊன்றுகோல் வைத்த ஓர் ஆணைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். தஸ்நேவிஸ் ஓடிப்போய் அந்த ஆளின் மறுபக்கத் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். பிரேமா அடுத்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

ஆட்டோ போய் நின்ற இடம் பெரியாஸ்பத்திரி.

உடற்பயிற்சி கொடுக்கிற பகுதியில் இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே அந்த ஆளை நிறுத்தியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு. வலது கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் பல்லைக் கடித்தான். தஸ்நேவிஸ் அவனுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, "வாங்க, வாங்க, இன்னும் ஒரு எட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்கு நடை பழக்கியபோதுகூட அந்த மனுஷன் அப்படிக் குனிந்ததை பிரேமா பார்த்ததில்லை.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிரேமா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மீன் விற்கிறவர்களுக்குப் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாதா?

"உங்க வீட்டுக்காரராம்மா? காலுல என்ன?"

அவள் பெயர் சண்முகத்தாய். புருஷன் முத்துமணி. வள்ளத்தில் தனியாகப் போய் வலை விடுகிறவன். "பொங்கல் கழிஞ்சு மூணாம் நாளும்மா. காலைல ஒரே மூடுபனி. துறைமுகத்துப் போட்டுக எல்லாம் வெளிய வார நேரம். ஒரு போட்டு நேரா வந்து ஏறிட்டு. எங்க வள்ளம் ரெண்டாப் போச்சு. இவுக காலு நடுவுல மாட்டிக்கிட்டு. டீசல் கேனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் மெதந்திருக்காக. வேற வள்ளக்காரங்க பாத்துத் தூக்கிட்டு வந்தாங்க."

"இடிச்ச போட்டு நிக்கலையா?"

"நின்னா நான் ஏன் இங்கன உக்காந்திருக்கேன்? பனியில நம்பர் தெரியல. ஆனா ஒண்ணு சொல்லுதாக. போட்டு ஓட்டுனவன் தலைய நீட்டித் திரும்பிப் பாத்தானாம். பாத்துட்டு உள்ள இழுத்துக்கிட்டானாம். அதத்தான் இவுக ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சுச் சொல்லுதாக. பாத்தான் தாயி, பாத்தான் தாயின்னு."

"உங்க வள்ளம்... என்ன கலரு?"

"நீலம்."

பிரேமா கையிலிருந்த முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சண்முகத்தாய் கண்ணாடி வழியாக உள்ளே காட்டினாள். "அந்த அண்ணாச்சி மட்டும் இல்லைன்னா நாங்க இல்ல. ஏதோ கோயில் சபைல இருந்து வாராக. வியாழக்கிழமை தவறாது. எங்க சாதியா, எங்க சனமா? ஒரு மொகம் சுளிச்சதில்ல."

ஆக, பெரியத்தான்தான் இடித்துவிட்டு ஓடியிருக்கிறார். இடித்தவரே புண்ணியவான் வேஷம் போட்டுக்கொண்டு தூக்குச்சட்டியோடு வருகிறார். பிரேமாவுக்கு முதலில் வந்தது ஒருவிதத் திருப்தி என்றுதான் சொல்ல வேண்டும். சந்தேகப்பட்டது வீண் போகவில்லை. எழுந்து உள்ளே போய் நாலு பேர் முன்னால் கேட்டுவிடலாமா என்று நினைத்தாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். அந்த வாரம் பூராவும் தஸ்நேவிஸ் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுத்த படுக்கை. கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் இவளேதான். எழுந்து பாத்ரூம் போகக்கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அண்ணனால் வர முடியாததால் ஸ்டெல்லாவை நாலு நாள் கிங்ஸ்டன்தான் கொண்டுபோனான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுக்கான் அவன் கைக்கு வந்தது. முதல் நாள் போகும்போது புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ திரும்பி வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அண்ணன் காய்ச்சல் இவனுக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று இவள் கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

"என்னம்மா, உங்களுக்கு மயக்கம் வருதா?" என்று சண்முகத்தாய் கேட்டாள். தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பிரேமாவால் அதை வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

தஸ்நேவிஸ் வெளியே வந்தார். பிரேமாவைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. வெகு நாள் எதிர்பார்த்த ஆளைப் பார்த்தது மாதிரி தலையை ஆட்டினார். முத்துமணியையும் சண்முகத்தாயையும் பெஞ்சில் உட்காரவைத்துத் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு, அவளோடு வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

"எப்ப தெரியும் பெரியத்தான்?"

"காய்ச்சல் விட்டு எந்திரிச்சதுமே. முன்பக்கம் உடைஞ்சத அவசரமா ஒட்டிருந்தான். கட்டைன்னான். நீலப் பெயிண்டு ஒட்டிருந்தது. அன்னைக்கே பழையகாயல் ஆளு ஆஸ்பத்திரியில கெடக்கான்னு சேதி வந்துட்டு." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மூணு தடவ கேட்டேன் பிரேமா. மாதா படத்துக்கு முன்னால நிறுத்திக் கேட்டேன். எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, பனியில ஒண்ணும் தெரியலன்னு சத்தியம் பண்ணுனான்."

"நீங்க நம்புனீங்களா?"

தஸ்நேவிஸ் அவளை நேராகப் பார்த்தார். "நம்பிருந்தா பெரிய படகை ஏன் எங்கிட்டயே வச்சுக்கிடுதேன்?"

"அந்த ஆளுகிட்ட நீங்க ஏன் சொல்லல?" என்றாள் பிரேமா.

"சொன்னா நான் வாரத நிறுத்திருவாங்க. காலு நேராகுத மட்டும் வந்துருவோம்னு பாத்தேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அதுவும் முழு உண்மை இல்ல. எந்தம்பி. எப்படிச் சொல்ல?"

அன்று வீட்டுக்குள் நுழையும்போது பிரேமாவுக்கு அது யாருடைய வீடோ போலிருந்தது. மகள் ஜாஸ்லின் காலேஜுக்குப் போயிருந்தாள். கிங்ஸ்டன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். டிவியில் சத்தம் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்," என்றாள். "முத்துமணின்னு ஒரு ஆளைப் பாத்தேன். காலு திரும்பிப் போயிருக்கு."

அவன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான்.

"கட்டைன்னு சொன்னீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல பிரேமா. பனி. எஞ்சின் சத்தம். மத்த ரெண்டு பேரும் பின்னால வலையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. டமார்னு ஒரு சத்தம். கட்டைன்னுதான்..."

"நீ திரும்பிப் பாத்தேன்னு அந்த ஆளு சொல்லுதான்."

அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்தது.

கிங்ஸ்டன் தரையைப் பார்த்தபடி சொன்னான். பார்த்தானாம். தண்ணீரில் ஒரு தலையும் ஒரு கையும் தெரிந்தனவாம். அடுத்த நொடி பனி மூடிவிட்டதாம். திருப்பு, திருப்பு என்று மனசு அடித்துக்கொண்டதாம். ஆனால், திருப்பினால் ஆளைத் தூக்க வேண்டும், தூக்கினால் கரைக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் அண்ணன் இனி ஜென்மத்துக்கும் சுக்கானைத் தர மாட்டார் என்று ஒரு நினைப்பு வந்ததாம். "அந்த ஒரு நினைப்புதான். அது போறதுக்குள்ள படகு தூரம் போயிட்டு. பெறகு திரும்பப் பயமாயிட்டு. வள்ளத்த எடுத்துட்டுக் கடலுக்குப் போகணும்னா அந்த எடம்தான் மொதல்ல வருது. அதான் போகல."

பிரேமா அழவில்லை. இவ்வளவு நாளும் அண்ணன்காரரைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், பக்கத்திலேயே படுத்திருந்த மனுஷனைப் பற்றி ஒரு சந்தேகமும் படவில்லையே என்றுதான் நினைத்தாள். மூன்று மாதம். கசாயம் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழம பழையகாயலுக்குப் போறோம்," என்றாள். "நீங்க வரலைன்னா நான் தனியாப் போய்ச் சொல்லிருவேன்."

மூன்று பேருமாகப் போனார்கள். தஸ்நேவிஸும் வந்தார். முத்துமணி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். பெரியவரைக் கண்டதும் சிரித்து எழுந்திருக்கப் பார்த்தான். கிங்ஸ்டன் அவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். சண்முகத்தாய் உள்ளேயிருந்து வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முத்துமணி கிங்ஸ்டன் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தான், பனிக்குள் பார்த்த முகம்தானா என்று தேடுவதுபோல.

"நான் கத்துனேன்," என்றான். "கேட்டுச்சா?"

தஸ்நேவிஸ் தம்பியைப் பார்த்தார். மாதா படத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்விதான்.

"கேட்டுச்சு," என்றான் கிங்ஸ்டன்.

முத்துமணி கண்ணை மூடிக்கொண்டான். சண்முகத்தாய்தான் பேசினாள். கிங்ஸ்டனிடம் அல்ல, பெரியவரிடம். "நீங்களுமா அண்ணாச்சி? இத்தன வியாழக்கிழமையும் தெரிஞ்சுதான் வந்தீங்களா?" அவர் ஆமாம் என்றார். "எந்திரிச்சுப் போயிருங்க," என்றாள் அவள். "மூணு பேரும்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. முத்துமணி போலீசில் புகார் கொடுத்தான். கிங்ஸ்டன் ஒன்றையும் மறுக்கவில்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. திரேஸ்புரத்தில் சில பேர் பிரேமாவின் முகத்துக்கு நேராகவே, கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். ஏலத்தில் ஒரு மாதம் அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஜாஸ்லின் அப்பாவோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை.

பாகப்பிரிவினைக் காகிதம் தயாரானபோது பிரேமா தஸ்நேவிஸ் வீட்டுக்குத் தானே போனாள். "சின்னப் படகு எங்களுக்குன்னு எழுதிருங்க. எழுதி, மறுநாளே முத்துமணி பேருக்கு மாத்திருங்க. வழக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. அவுக வள்ளத்த ஒடைச்சோம், ஒரு வள்ளம் குடுக்கோம், அவ்வளவுதான்." கிங்ஸ்டன் கையெழுத்துப் போட்டான். சண்முகத்தாய் முதலில் முடியாது என்றாள். நாலு நாள் கழித்துத் தன் தம்பியை அனுப்பினாள். அவன் வந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தான், அடியைத் தடவிப் பார்த்தான், யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனான்.

பழையகாயல் போய்வந்த அந்த வாரமும் தஸ்நேவிஸ் வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அவரைப் பார்க்காததுபோல நடந்து தாங்களாகவே ஆட்டோ பிடித்துப் போனார்கள். அடுத்த வாரமும் போனார். அடுத்ததற்கு அடுத்த வாரம், முத்துமணி பஸ் படியில் தடுமாறியபோது சண்முகத்தாய் அவரைப் பார்த்து, "நிக்கீங்கள்லா, ஒரு கை பிடிங்க," என்றாளாம். அதை வந்து சொல்லும்போது பெரியவர் குரல் உடைந்துவிட்டது என்று ஞானபாய் சொன்னாள்.

வேறு படகில் கிங்ஸ்டனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் அண்ணன்தான் கூப்பிட்டார். "வலை இழுக்க வா. சுக்கான் பக்கம் வராத," என்றார். அவன் சரி என்றான். இந்தத் தடவை அவன் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான் என்பதைப் பிரேமா ஞானபாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்படிக் கேட்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது.

தடைக்காலம் முடிந்த மறுநாள், விடிகிறதற்கு முன்பே, அவள் துறைமுகத்துக்குப் போனாள். பெண்கள் அந்த நேரத்தில் அங்கே போவதில்லை. ஐஸ் வண்டிகளுக்கு நடுவே ஒதுங்கி நின்று பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் வெளியே போயின. ஸ்டெல்லா வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் சுக்கானைப் பிடித்து நின்றது யார் என்று உற்றுப் பார்த்தாள். தஸ்நேவிஸ்தான். கிங்ஸ்டன் முன்மூக்கில் டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தான். இருட்டுக்குள் வெளிச்சத்தை இடமும் வலமுமாக அடித்து, எங்கேயாவது சின்ன வள்ளம் தெரிகிறதா என்று பார்த்துப் பின்னால் இருந்த அண்ணனுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான். துறைமுக வாயைத் தாண்டும்வரை அவன் குரல் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. அப்புறமும் அவன் சொல்லிக்கொண்டுதான் போகிறானா என்பது கரையில் நிற்கிற அவளுக்கு எப்படித் தெரியும்? கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரேஸ்புரம் பக்கம் நடந்தாள். ஏலம் தொடங்குகிற நேரமாகிவிட்டது.